எல்லைக்கல்லில் உடைத்த தேங்காய்

ஜெர்மனியில் சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முன் பெட்டிகள் ஓர் ஊருக்கும் பின் பெட்டிகள் வேறோர் ஊருக்கும் போகுமாம். ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். நான் அந்த நேரம் ஓஸ்லோவில் கட்டிக்கொண்டு வந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியின் ஊருக்கான பெட்டிகள் ஒரு பக்கம் போக, நானும் புட்டும் மற்றப் பக்கம் போனோம்.

நாங்கள் இருக்கும் ஓஸ்லோப் புறநகர் ஸ்டோவ்னரில் இந்த வில்லங்கம் இல்லை. டி-பானே என்கிற மெட்ரோ ரயிலில் ஏறினால் முதல் பெட்டியும் கடைசிப் பெட்டியும் ஒரே இடத்துக்குத்தான் போகும். நித்திரையாகிப் போனாலும் கடைசி ஸ்டேஷன் வெஸ்ட்லியில் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார்கள். இங்கே எழுப்பக்கூட ஆளில்லை. கண்டக்டர் என்று ஒருவர் வந்து என் டிக்கெட்டைப் பார்த்தார், பிறகு புட்டைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

பிழையான ஊரில் இறங்கி, திரும்பி வந்து, சரியான சின்ன ஸ்டேஷனில் நிற்கும்போது பின்னேரம் ஆகிவிட்டது. அங்கிருந்து எர்லன்வைலருக்கு பஸ். அந்த பஸ்ஸும் தானாக வராது. ஃபோன் அடித்து “நான் நிற்கிறேன்” என்று சொன்னால்தான் வரும். பிளாட்பாரத்தில் நின்ற ஒரு பெண் எனக்காக அடித்துச் சொன்னாள். வந்தது எட்டுப் பேர் இருக்கக்கூடிய ஒரு வான். உள்ளே ஒரேயொரு கிழவர், மடியில் ஒரு சோடி புது ரப்பர் பூட்ஸ்.

“நோர்வேயிலிருந்து வரும் அக்காவா?” என்று கேட்டார். ஊரிலே ஒரேயொரு தமிழ் வீடு இருந்தால் இப்படித்தான், நாங்கள் சொல்ல முதல் எங்கள் கதை போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு ஜெர்மன் வராது. ஆனால் நோர்வேஜியனும் ஜெர்மனும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். நோர்வேஜியனைக் கொஞ்சம் கோபமாகக் கதைத்தால் பாதி ஜெர்மன் ஆகிவிடும், மிச்சத்தைக் கையால் சமாளிக்கலாம். கிழவரின் பெயர் கொன்ராட். கெண்டை மீன் வளர்க்கிறவர். ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திக் கதைத்தார், அதனால் எனக்கு விளங்கியது.

“முதலில் தண்ணீரைப் பாருங்கள்” என்று கண்ணாடிக்கு வெளியே காட்டினார். ஒன்றுக்குக் கீழே ஒன்றாகக் குளங்கள். மேல் குளம் நிரம்பினால் அடுத்ததுக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு. இந்த மண் களி, தண்ணீரை உள்ளே விடாது, கோதுமை போட்டால் வேர் அழுகும். அந்தக் காலத்தில் மடத்துத் துறவிகள் பார்த்தார்களாம், தானியம் வேண்டாம், மீன் வளர்ப்போம் என்று வெட்டிவிட்டார்களாம். விரத நாளில் மாமிசம் ஆகாது, மீன் ஆகும். எங்கள் ஆட்களுக்கு விரதமென்றால் மீனும் ஆகாது. துறவிகள் கெட்டிக்காரர்கள்தான்.

குளங்களுக்கு மேலே தெற்குப் பார்த்த சரிவு. ஒரு காலம் அது முழுக்கத் திராட்சை. பூச்சி வந்து கொடிகளைத் தின்றபிறகு செர்ரி மரங்களை வைத்தார்கள். அதற்கும் மேலே காடு. கீழே ஓர் ஓடை, எட்டிப் பாயக்கூடிய அகலம்தான். “அந்த ஓடைதான் எங்கள் சரித்திரம்” என்றார் கொன்ராட். ஓடைக்கு மேலே உள்ள மூன்று குறிச்சிகள் மடத்துக்குச் சொந்தம். கீழே உள்ள இரண்டும் ஒரு சிற்றரசனுக்கு. அவன் சமயம் மாற, அவனுடைய சனமும் மாறவேண்டி வந்தது. அதனால் மேலே கத்தோலிக்கர், கீழே புரட்டஸ்தாந்தர். இரண்டு கோயில், இரண்டு சுடலை. ஐம்பது வருஷம் முந்தி அரசாங்கம் ஐந்து குறிச்சிகளையும் சேர்த்து ஒரே ஊராட்சி என்று அறிவித்தது.

“இப்போது ஒற்றுமையா?” என்று கேட்டேன்.

“ஓ, நல்ல ஒற்றுமை” என்றார். “மேல் கோயில் மணி அடித்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் கீழ்க் கோயில் மணி அடிக்கும். யாருடைய மணிக்கூடு சரி என்று இன்னும் முடிவாகவில்லை.”

தங்கச்சி சாந்தி இந்த ஊரில் தபால் கொடுக்கிறவள். இருபது வருஷமாக ஐந்து குறிச்சியிலும் ஒவ்வொரு வாசலும் அவளுக்குத் தெரியும். யாருக்கு வக்கீல் கடிதம் வந்தது, யாருக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது எல்லாம் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் வாய் முழுவதையும் கடவுள் எனக்கே தந்துவிட்டார். ஸ்டோவ்னர் சென்டர் கடைத்தொகுதியில் எனக்கு ஒரு விஷயம் சொன்னால், அடுத்த ஸ்டேஷனுக்கு ரயில் போக முதல் கதை போய்ச் சேர்ந்துவிடும் என்று இவர் நக்கலடிப்பார். இவர் என்றால் என் வீட்டுக்காரர்.

நான் ஓஸ்லோவிலிருந்து வந்ததே சாந்தியின் சத்தியப் பிரமாணத்தைப் பார்க்கத்தான். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். இந்தப் பகுதி ஊர்களில் காணி எல்லைக்கல் நடுவதற்கென்று ஏழு பேர் இருக்கிறார்கள். சாகும்வரை பதவி, சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கல்லை நடமுதல் குழிக்குள் ஒரு இரகசிய அடையாளம் வைப்பார்கள். என்ன வைப்பது, எப்படி வைப்பது என்று அந்த ஏழு பேருக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைப்பதில்லை, மனிசி பிள்ளைக்கும் சொல்வதில்லை. நாளைக்கு ஒருத்தன் கல்லைப் பிடுங்கி அங்காலே நட்டாலும், கிண்டிப் பார்த்தால் கள்ளக்கல் எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது சர்வேயர்கள் கருவியோடு வந்து அளக்கிறார்கள்தான். ஆனாலும் ஏழு பேர் இல்லாமல் இங்கே கல் இறங்காது.

ஏழில் ஓர் இடம் காலியானது. மிச்ச ஆறு பேரும் சேர்ந்துதான் அடுத்த ஆளைத் தெரிவுசெய்வார்கள். சாந்தியைத் தெரிவுசெய்தார்கள். ஏழு பேருக்குள் வரும் முதல் பெண், வெளியிலிருந்து வந்த முதல் ஆள். சனிக்கிழமை ஊராட்சி மண்டபத்தில் மேயர் முன்னால் சத்தியம். ஃபோனில் இதைச் சொன்னபோது, “முப்பது வருஷமாய் இஞ்சை இருக்கிறன் அக்கா. இப்பதான் ஆரோ என்னைக் கேட்டிருக்கினம்” என்றாள். அன்றைக்கே நான் டிக்கெட் போட்டுவிட்டேன். இங்கே வந்து சேர்ந்தபிறகு ஆறு பேரின் தலைவர் யார் என்று கேட்டபோதுதான், வானில் என்னோடு வந்த ரப்பர் பூட்ஸ் கிழவர் என்று தெரிந்தது. நான் அவருக்குப் புட்டு வேறு நீட்டியிருந்தேன், நல்லகாலம் அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை சாந்திக்கு லீவு. என்னை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் ஊரைக் காட்டினாள். எர்லன்வைலரின் வயல்கள் பட்டி பட்டியாக, நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். இந்தப் பக்கம் காணியைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது வழக்கம். நாலு பிள்ளை என்றால் நாலு துண்டு, பேரப்பிள்ளைகள் காலத்தில் பதினாறு. பிறகு ஒரு செர்ரி மரத்தின் அரைவாசி ஒருவருக்கு, மற்ற அரைவாசி மற்றவருக்கு. இதை எனக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கைச் சீதனமாகக் கொண்டுவந்த சனம் நாங்கள். வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டதுக்கு இரண்டு தலைமுறை கோடு, வழக்கு என்று அலைந்த கதை எந்த யாழ்ப்பாணத்து வீட்டில் இல்லை?

நோர்வேயில் இந்தக் கவலை குறைவு. காட்டுக்குள் யார் காணி என்று கேட்காமல் நடக்கலாம், புளூபெர்ரி ஆயலாம், கூடாரம் அடிக்கலாம். இங்கே நான் புல்லுக்குள் ஒரு கால் வைத்தால் சாந்தி கையைப் பிடித்து இழுக்கிறாள். “அக்கா, அது கோழிப்பண்ணைக்காரன்ரை.” இரண்டடி தள்ளி, “அது செர்ரிக்காரியின்ரை.” அந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர், பத்து வருஷமாகக் கதையில்லையாம். என்ன சண்டை என்று கேட்டேன். சாந்தி வானத்தைப் பார்த்தாள், மழை வரும்போல இருக்கு என்றாள்.

மத்தியானம் ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் கெண்டை மீன். தலையிலிருந்து வால்வரை நெடுகப் பிளந்த அரை மீனை அப்படியே எண்ணெயில் பொரித்து, வால் சுருண்டு மேலே எழும்பி நிற்க, சாப்பாட்டுக் கோப்பைக்கு வெளியே தொங்கத் தொங்கக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் முதல் வந்திறங்கியது நோர்வேயின் வடகோடி பாட்ஸ்பியோர்ட்டில், மூன்று வருஷம் மீன் தொழிற்சாலையில் முள் நீக்கி ஃபிலே வெட்டினவள். இந்த முள்ளைப் பார்த்தால் எங்கள் ஃபோர்மன் கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் ருசியென்றால் ருசி. செட்டையை அப்பளம்போலக் கடித்துச் சாப்பிடலாம். எங்கள் கறித்தூள் கொஞ்சம் போட்டிருந்தால் இன்னும் திறம். கைப்பையில் ஒரு சின்னப் போத்தல் தூள் எப்போதும் இருக்கும், போட்டேன். பக்கத்து மேசையில் ஒரு மனிசி தன் புருஷனிடம் மெல்லச் சொன்னாள்: “பார், அவள் மருந்து போட்டுச் சாப்பிடுகிறாள்.”

வெள்ளிக்கிழமை சாந்தி வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய மனுசன் லொறி ஓட்டுகிறவர், போலந்துப் பக்கம் போய் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வீட்டில் நான் தனிய. அடுத்த நாள் சத்தியம், நல்ல காரியம், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் எப்படி? சூட்கேசில் மூன்று தேங்காய் கொண்டுவந்திருந்தேன். உடைக்க இடம்தான் இல்லை. வாசல் முழுக்கத் தரையில் பதித்த மினுங்கல் ரைல்ஸ். ரைல்ஸ் வெடித்தால் சாந்தி என்னை வெடிப்பாள்.

நடந்துபோனபோது ரோட்டுக்கரைப் புல்லில் ஒரு கல் கிடந்தது. முழங்கால் உயரம், நாலு பக்கமும் செதுக்கின மணற்கல், தலை மட்டும் மழையில் தேய்ந்து வட்டமாக. பிள்ளையாருக்கென்றே செய்ததுபோல இருந்தது. பக்கத்தில் டிராக்டர் சக்கரம் உழுதுவிட்டுப் போன சேறு. யாரோ பழசென்று எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓஸ்லோவில் ஒரு பொருளை ரோட்டுக்கரையில் வைத்தால், வேண்டியவர்கள் எடுக்கலாம் என்றுதான் அர்த்தம். எங்கள் வீட்டுச் சோபா அப்படி வந்தது, புத்தக அலுமாரி அப்படி வந்தது. சாந்தியின் தள்ளுவண்டியைக் கொண்டுபோய், மீன்பெட்டி தூக்கின கைதானே, உருட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கழுவி, பின்வளவில் நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, “பிள்ளையாரப்பா, என்ரை தங்கச்சிக்கு ஒரு குறையும் வரக்கூடாது” என்று ஓங்கி அடித்தேன். தேங்காய் சரி நடுவே இரண்டானது. எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொன்றும் உடைத்தேன்.

நாலரைக்குச் சாந்தி வந்தாள், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. “ஊர் ரெண்டுபட்டுப்போச்சு அக்கா. கோழிக்காரனுக்கும் செர்ரிக்காரிக்கும் நடுவிலை இருந்த எல்லைக்கல்லைக் காணேல்லை. போன கிழமை டிராக்டர் இடிச்சு விழுத்தினது. நாளைக்கு என்ரை சத்தியம் முடிய நாங்கள் ஏழு பேரும் போய் நடவேண்டிய கல்லு. அதுதான் என்ரை முதல் வேலை. இவர் அவ எடுத்தவ எண்டுறார், அவ இவர் எடுத்தவர் எண்டுறா. பொலிசுக்கு ஃபோன் அடிக்கப்போகினமாம்.”

“என்ன மாதிரிக் கல்லு?” என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. அவள் என் தோளுக்கு மேலால் பின்வளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளும் பொட்டுமாக, பக்கத்தில் நாலு தேங்காய்ப் பாதியோடு, கல் நின்றது.

கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அவள் கத்தவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள். “எல்லைக்கல்லை எடுக்கிறது இஞ்சை குற்றம் அக்கா” என்றாள். “இனி ஆர் என்னைச் சத்தியம் செய்ய விடப்போகினம்?”

“ஒருத்தரும் காணேல்லைத்தானே. கொஞ்சம் இருட்டட்டும், நான் கொண்டுபோய்க் கிடந்த இடத்திலை வைச்சிட்டு வாறன்.” வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத்தான் சொன்னேன்.

சாந்தி எழும்பினாள். “நாளைக்குச் சத்தியம் பண்ணப்போறவள் இண்டைக்குக் களவிலை நிக்கிறதோ? வாங்கோ.”

கொன்ராட் வீட்டு வாசலில் அந்தப் புது பூட்ஸ் இப்போது சேற்றோடு நின்றது. சாந்தி ஒரு சொல்லும் மறைக்காமல் சொன்னாள். என் அக்கா எடுத்தாள், எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் பக்கத்தில் நின்று தேங்காயை உடைத்துக் காட்டுவதுபோலக் கையால் செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“தேங்காய் எதற்கு?” என்று மட்டும் கேட்டார்.

“இவளுக்குத் தடை ஒன்றும் வரக்கூடாது என்று” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. தடையை நானே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தேனே.

“நான் தனியே முடிவு சொல்ல ஏலாது. ஆறு பேர் இருக்கிறோம்” என்றார். “காலையில் கல்லோடு வயலுக்கு வாருங்கள்.”

அன்றிரவு சாந்தி சோறு தொடவில்லை. ஒரு குற்றச்சாட்டுச் சொன்னாளா? இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

சனிக்கிழமை காலை வயல் ஓரத்தில் அரைவாசி ஊர் நின்றது. ஆறு பேரும் வந்திருந்தார்கள், மேயர் அம்மாவும் வந்திருந்தா. கோழிக்காரர் ஒரு பக்கம், செர்ரிக்காரி மற்றப் பக்கம். நடுவில் நானும் தள்ளுவண்டியும். இரவு மஞ்சளைக் கழுவப் பார்த்தேன், மணற்கல் குடித்துவிட்டது. கொன்ராட் என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். நோர்வேஜியனும் ஜெர்மனும் கையுமாகச் சொன்னேன். ரோட்டுக்கரையில் கிடந்ததை எடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம், பிழை என்னுடையது, என் தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவுடன் என்னை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான் என்றேன். பிறகு செர்ரிக்காரி, பத்து வருஷத்துக்குப் பிறகு கோழிக்காரரைப் பார்த்து, “அப்படியென்றால் நீ எடுக்கவில்லை” என்றா. அவர், “நீயும் எடுக்கவில்லை” என்றார். இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“ஆனால் சரியான இடம் எது?” என்று கோழிக்காரர் கேட்டார். “குழியே மூடிப்போய்விட்டதே.”

“அது எங்களுக்குத் தெரியும்” என்றார் கொன்ராட். “எல்லோரும் இருபது அடி பின்னால் போங்கள். திரும்பி நில்லுங்கள்.”

போனோம். ஊர் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு ஓடையைப் பார்த்து நின்றது. மேயரும் திரும்பித்தான் நின்றா. சாந்தியும் எங்களோடு வந்து என் பக்கத்தில் நின்றாள், அவள் இன்னும் சத்தியம் செய்யவில்லையே. என் கையைப் பிடித்தாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. ஆறு பேரும் மெல்லக் கதைப்பது கேட்டது. மேல் கோயில் மணி அடித்தது, ஒரு நிமிஷம் கழித்துக் கீழ்க் கோயில் மணியும் அடித்தது.

“சாந்தி” என்று கொன்ராட் கூப்பிட்டார். “மேயர் அம்மாவும் வாருங்கள். குழி திறந்திருக்கிறது, ஏழு பேர் இல்லாமல் நாங்கள் மூடமாட்டோம்.” பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “ஊரில் இன்று தன் சொந்தக்காரரின் பிழையை மறைக்காதவர் எத்தனை பேர் என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். எண்ணி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.”

குழிக்கும் எங்களுக்கும் நடுவே, பத்தடி அங்காலே, எங்களுக்கு முதுகுப் பக்கம், அவள் சத்தியம் செய்தாள். தபால்காரத் தொப்பி இல்லாமல், சேறு பிரண்ட சப்பாத்தோடு. நான் காதால்தான் கேட்டேன். அவ்வளவு தெளிவாக அவள் ஜெர்மன் கதைத்து நான் முன்பு கேட்டதில்லை. என் பக்கத்தில் நின்ற செர்ரிக்காரி மூக்கை உறிஞ்சினா. எனக்கும் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. மேயர் சத்தியத்தை முடித்துவிட்டுத் திரும்பி எங்களிடமே வந்து, முதுகைக் காட்டி நின்றா. சாந்தி வரவில்லை. அவள் இப்போது அந்தப் பக்கத்து ஆள்.

கல் இறங்கமுதல் அந்த இரகசிய அடையாளத்தை அவளுக்குக் காட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது. என் கழுத்து தானாகத் திரும்ப எத்தனித்தது. ஸ்டோவ்னரில் எனக்குத் தெரியாத விஷயம் கிடையாது, என் தங்கச்சியிடத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அப்போது சாந்தி சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள், அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கொன்ராட் சிரித்தார், பிறகு ஏழு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். குழிக்குள் என்னத்தைக் கண்டு சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்டோவ்னரில் எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமோ?